வயலின் தொடங்குமுன் ஒரு மூச்சு

இந்த சி.டி.யின் இரண்டாவது பகுதி ஊதுகருவிகளோடு தொடங்கும். இரண்டு நிமிடத்துக்கும் சற்று அதிகமாக அவை மட்டும் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். வயலின்காரர் அதுவரை சும்மா நிற்பார். பிறகு ஊதுவது தணிந்து அவருடைய முறை வரும். தந்தியில் வில்லை வைப்பதற்குச் சற்று முன்னால் அவர் மூக்கால் மூச்சை உள்ளே இழுப்பது கேட்கும். குழாயைத் திறந்ததும் தண்ணீருக்கு முன்னால் கொஞ்சம் காற்று வருமே, அதைவிடச் சின்னச் சத்தம். தெரியாதவர்கள் கவனிக்க மாட்டார்கள். எனக்கு அது எங்கே வரும் என்று தெரியும் என்பதால் காத்திருந்து கேட்பேன். அட்டையில் ஒரு மலையின் படம். பெட்டியின் கீல் உடைந்து பல வருடமாகிறது. ஜட்டிக்கு வைக்கிற எலாஸ்டிக் துண்டு ஒன்றை முடிச்சுப் போட்டு அதை மூடி வைத்திருக்கிறேன். அந்த முடிச்சு அண்ணாச்சி போட்டது.

எனக்கு இந்தச் சங்கீதம் தெரியாது. எட்டாம் வகுப்பு பாதியில் பொங்கலூரில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினேன். தாராபுரத்தில் லாரி கிளீனர், அவிநாசியில் ஓட்டல் சப்ளையர், நடுவில் ஆந்திராவில் இரண்டு வருடம் போர்வெல் வண்டி. ஓர் இடத்தில் ஆறு மாதம் இருந்தால் உள்ளங்கால் அரிக்கும். முப்பது வயது தாண்டி, லைசென்ஸ் எடுத்து, திருப்பூரில் டெம்போ ஓட்ட வந்தேன். நிட்டிங் கம்பெனிகளிலிருந்து துணி ரோல்களை ஏற்றி டையிங்கில் இறக்க வேண்டும், சாயம் போட்டதைத் திரும்ப எடுத்து வர வேண்டும். வந்த புதிதில் டெம்போவிலேயே படுத்தேன். மழை வந்தால் துணி ரோல்களுக்குப் போர்த்துகிற தார்ப்பாயை எடுத்துப் போர்த்திக்கொள்வேன். அதற்குமுன் பஸ் ஸ்டாண்டுகளிலும் மில் வராந்தாக்களிலும் படுத்தவனுக்கு அது குறையாகத் தெரியவில்லை.

அண்ணாச்சி ஒரு நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். தூத்துக்குடிப் பக்கம், கிறிஸ்தவர். இரண்டு தங்கைகளின் கல்யாணத்துக்காகத் திருப்பூர் வந்தவர், கல்யாணங்கள் முடிந்தும் திரும்பாமல் இருந்துவிட்டார். தனக்குக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். கம்பெனிக்குப் பின்னால் ஃபிட்டருக்கென்று ஒரு ரூம் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு ஃபேன், உள்ளிருந்து தாழ் போடுகிற கதவு. ஒரு மழை நாளில் நான் தார்ப்பாயோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "என்ன வே, துணிக்குப் போடுறத நீரு போட்டுக்கிட்டா துணி என்ன செய்யும்? உள்ள வாரும்" என்றார். அப்படி உள்ளே போனவன் நாலு வருடம் அங்கே இருந்தேன். என் வாழ்க்கையில் அதிக நாள் படுத்த கூரை அதுதான்.

அவருடைய தொழில் காதில் இருந்தது. வட்ட வட்டமாகச் சுற்றி நெய்கிற மெஷின் ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேல் ஊசிகள். ஒரே ஓர் ஊசியின் நாக்கு உடைந்தாலும் துணியில் நெட்டாக ஒரு கோடு விழும். சாயம் போடாத பச்சைத் துணியில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது, சாயம் ஏறிய பிறகுதான் பல்லைக் காட்டும். அதற்குள் எத்தனையோ ரோல் ஓடிப்போயிருக்கும். பதினாறு மெஷின் இரைச்சலுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று நின்று, நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை மெஷின் மேல் வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்பார். பிறகு விரலால் ஓர் இடத்தைக் காட்டுவார். அங்கே உடைந்த ஊசி இருக்கும். நான் ரோல் ஏற்ற வந்து நிற்கிற நேரங்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கு ஐந்து நிமிடம் உள்ளே நின்றால் தலை கிறுகிறுக்கும். அவர் பதினெட்டு வருடமாக அதற்குள் நின்றார்.

சி.டி.யை அவர் கோயம்புத்தூரில் வாங்கியிருந்தார். சின்ன வயதில் ஊர் ஆலயத்தில் பாடகர் குழுவோடு வயலின் வாசித்தவர் அவர். வயலின் தங்கை வீட்டில் இருந்தது. கடையில் பெரிய கம்பெனிகளின் சி.டி.க்களைக் கையில் எடுத்து விலையைப் பார்த்து வைத்துவிட்டாராம். கீழ்த்தட்டில் இது இருந்ததாம். இரண்டு பிரியாணிப் பொட்டலத்தின் விலை. யாருக்கும் தெரியாத வயலின்காரர், வாயில் நுழையாத பெயருள்ள ஏதோ ஓர் ஊரின் வாத்தியக் குழு, அதனால் மலிவு. கடைக்காரர் போட்டுக் காட்டியபோது இவர் அசந்துபோயிருக்கிறார். "வில்லு தந்தில உரசுத சத்தம் தனியா கேக்கு வே. யாரோ நாற்காலிய நவுத்துதான், அதுகூட விழுந்திருக்கு. வெலையிலதான் கொறச்சல், சத்தத்துல ஒரு கொறையும் வைக்கல. நம்ம துணி மாதிரிதான. ஒரே துணி, மேல குத்துத லேபிள்லதான வெல" என்பார். நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில், பிரிவையும் புயலையும் மலைகளையும் மனசைத் திறந்து கொட்டி எழுதிய ஒரு காலத்துச் சங்கீதம் என்றும் சொன்னார். கேசட் மாதிரி இது ஓடி ஓடித் தேயாது, கீறாமல் வைத்துக்கொண்டால் உங்கள் காலத்துக்கும் வரும் என்று கடைக்காரர் சொல்லியனுப்பியதைப் பெருமையாகத் திரும்பத் திரும்பச் சொல்வார்.

கேட்பதற்குக் கையடக்கமான ஒரு பிளேயரையும் பெரிய ஹெட்போனையும் பழைய சாமான் கடையில் பிடித்திருந்தார். ஹெட்போனின் பஞ்சு உதிர்ந்துபோயிருந்ததால் வெட்டுத்துணியைச் சுற்றித் தைத்திருந்தார். ஒரு காது வெள்ளை, ஒரு காது நேவி புளூ. ஆனால் எப்போது கேட்பது? பகலிலும் ராத்திரியிலும் மெஷின் ஓடும். நம் கம்பெனி நின்றால் பக்கத்துக் கம்பெனி ஓடும், அது நின்றால் எதிர் வரிசை ஓடும். அந்தத் தெரு அமைதியாக இருக்க ஒரே வழி கரண்ட் போவதுதான். மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்துவார்கள். அன்று காலை ஒன்பது மணிக்கு எல்லா மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி நிற்கும். திடீரென்று காக்கை கத்துவது கேட்கும். ஆப்பரேட்டர்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவார்கள். அண்ணாச்சி குளித்து, பென்சில் செல் இரண்டைப் புதிதாகப் போட்டு, சுவரில் சாய்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வார். ஆலயத்துக்குப் போவதற்கு எடுத்துக்கொள்கிற அக்கறையை நான் அதில் பார்த்தேன்.

அவர் சங்கீதத்துக்காக மட்டும் கேட்கவில்லை என்பது எனக்கு இரண்டாம் வருடம்தான் தெரிந்தது. அந்த மூச்சு அவருக்கு அளவுகோல். "காதுல வண்டு கத்துத மாதிரி ஒரு சத்தம் கொஞ்ச நாளா வருது. டாக்டர்ட்ட போனா சீட்டுல எழுதிருவான். சீட்டு வெளிய தெரிஞ்சா எவன் வேல தருவான்? அதாம், நானே பாத்துக்கிடுதேன். மூச்சு கேக்குத வரைக்கும் இங்க இருப்பேன். கேக்கலன்னா அன்னைக்கே பொட்டிய கட்டிருவேன் வே. மிச்சம் இருக்குத காத வச்சிக்கிட்டு ஊர்ல போயி வயலின எடுக்கணும்." மாதாமாதம் கேட்டு முடித்ததும் கண்ணைத் திறந்து, "வந்துச்சு" என்பார். நான் பீடியை அணைத்துவிட்டு, "அப்பறம் என்னங்க, ஒரு டீ சொல்லுங்க" என்பேன். அது எங்களுக்குள் வழக்கமாகிப்போனது.

துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட் வருகிற நாளன்று மட்டும் எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் காதடைப்பான் கொடுப்பார்கள். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் சூப்பர்வைசர் ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டிக்கொண்டு வரிசையாக வருவார். ஆளாளுக்கு எடுத்து டப்பாவில் போட வேண்டும். யார் காதில் இருந்தது அடுத்த முறை யார் காதுக்குப் போகும் என்று கணக்குக் கிடையாது. பீகார்ப் பையன் ஒருவன் ஒருமுறை டப்பாவை எட்டிப் பார்த்து, "பையா, மேரா வாலா யாத் ரக்னா" என்றான். தன்னுடையதை ஞாபகம் வைக்கச் சொல்கிறான் என்று அர்த்தம் சொன்னார்கள், எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சி ஆடிட் நாளிலும் அதைச் சட்டைப்பையில்தான் வைத்திருப்பார். "காத அடச்சிட்டா மெஷின் பேசுதது எப்படிக் கேக்கும்?" என்பார். காதைக் காப்பாற்ற வேண்டிய ஆள், அந்தக் காதைக் கொடுத்துத்தான் சம்பளம் வாங்க வேண்டியிருந்தது.

மூன்றாம் வருடக் கோடையில் ஒரு பராமரிப்பு நாள். கேட்டுக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்தார். பொத்தானை அழுத்தி மறுபடி முதலிலிருந்து வைத்தார். மறுபடியும். செல்லைக் கழற்றிப் புதிய செல்லைப் போட்டார். சி.டி.யை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, லுங்கி நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் துடைத்தார். நாலாவது முறை கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"நீரு கேளும் வே. மூச்சு வருதான்னு பாரும்."

நான் மாட்டிக்கொண்டேன். அவர் எனக்கு எதிரே குத்தவைத்து என் முகத்தையே பார்த்தார். ஊதுகருவிகள் போய்க்கொண்டே இருந்தன. அந்த இரண்டு நிமிடத்தில் நான் என்ன யோசித்தேன் என்று இன்றும் ஒழுங்காகச் சொல்ல முடியும். ரூம் ஃபிட்டருக்குக் கொடுத்தது. ஃபிட்டர் போனால் அடுத்த ஃபிட்டர் குடும்பத்தோடு வருவான். நான் மறுபடி தார்ப்பாய்க்குப் போக வேண்டும். முதுகில் அப்போது ஒரு வலி தொடங்கியிருந்தது. பிறகு மூச்சு வந்தது. சுத்தமாக, என் கழுத்துக்குப் பின்னால் யாரோ நின்று இழுத்ததுபோல வந்தது.

"வந்துச்சா?"

"இல்லீங்கண்ணாச்சி" என்றேன். "எனக்கும் ஒண்ணுமே கேக்கலீங்க. ஓடி ஓடித் தேஞ்சு போச்சாட்ட இருக்குதுங்க."

அவர் முகம் தளர்ந்ததை நான் மறக்கவில்லை. இறுகக் கட்டிய மூட்டையின் கயிற்றை அவிழ்த்தது மாதிரி இருந்தது. வாய்விட்டுச் சிரித்தார். "அதான பாத்தேன்! மலிவுச் சரக்குல்லா. கடக்காரன் நல்லா ஏமாத்திட்டான் வே" என்றார். தன் சி.டி.யை மலிவுச் சரக்கு என்று அவர் பழித்து அன்றுதான் கேட்டேன். அப்போதே கீல் உடைந்திருந்த பெட்டியில் அதைப் போட்டு, கையில் கிடைத்த எலாஸ்டிக்கால் முடிச்சுப் போட்டு, பரண்மேல் எறிந்தார். அன்றைக்கு டீ அவர் சொன்னார், வடையோடு.

இரக்கத்தால் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தபோது கொஞ்சம் இரக்கமும் இருந்திருக்கலாம். ஆனால் என் மனசில் அப்போது ஓடியது ஃபேனும் தாழ்ப்பாளும்தான். சி.டி. தேயாது என்பதை அவரே எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருந்தார். சொன்னவரே நான் சொன்னதை நம்பினார்.

அதற்குப் பிறகு பராமரிப்பு நாட்களில் அவர் தூங்கினார். ஒன்றரை வருடம் அப்படி ஓடியது. பேச்சு சத்தமாகிக்கொண்டே வந்தது. ஆப்பரேட்டர் பெண்கள், "ஏனுங்க, அண்ணாச்சி இங்க பேசறது அவங்க ஊர்லயே கேக்குமாட்டங்க" என்று சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார், எதற்கென்று தெரியாமல். ஸ்க்ரூடிரைவரைக் காதெலும்பில் வைத்தவர் பிறகு பல்லில் கடித்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார். மெஷின் நடுங்குவது பல் வழியாக வருகிறது என்றார். என்னைப் பார்த்துப் பேசும்போது கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கவனித்தேன். கதவை உள்ளே தாழிட்டு, ஃபேனுக்கு அடியில் படுத்து நன்றாகத் தூங்கினேன்.

ஒரு பெரிய ஆர்டர் போய்க்கொண்டிருந்த சமயம், நேவி புளூவில் சாயம் போட்டு வந்த துணியை டெம்போவில் நான்தான் கொண்டுவந்து இறக்கினேன். செக்கிங் லைட்டில் விரித்தபோது ரோல் ரோலாக நெட்டுக்கோடு. ஒரே மெஷினின் ஊசி, எத்தனையோ நாளாக உடைந்து ஓடியிருக்கிறது. முதலாளி கோபப்படவில்லை. அந்த ஊர் முதலாளிகள் பலரும் கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகப் பேசுவார்கள். வாசலில் எல்லோர் முன்னிலையிலும் அண்ணாச்சியின் தோளில் கைவைத்து, "ஏனுங்க ஃபிட்டரே, ரொம்ப நாளா ஒழைச்சுப் போட்டீங்க. ஊட்டுக்குப் போயி கொஞ்ச நாளு நல்லா இருங்க. வேணும்னா நாங்களே கூப்பிடறமுங்க" என்றார். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணாச்சி முதலாளியின் வாயையே பார்த்தார், புரியாமல் புன்னகைத்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன வே சொல்லுதாரு?"

பக்கத்தில் போய்ச் சொன்னேன். கேட்கவில்லை. காதில் வாயை வைத்துச் சொன்னேன். கேட்கவில்லை. கடைசியில் கத்தினேன். "போகச் சொல்றாருங்க அண்ணாச்சி! வேலைக்கு இனி வேண்டாங்கறாருங்க!" அந்தத் தெருவே கேட்டிருக்கும். செக்கிங் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முதலாளிக்கே சங்கடமாகி, "இப்படிச் சத்தம் போடாட்டி என்னங்க" என்று என்னைக் கடிந்துகொண்டார். அண்ணாச்சி கையில் இருந்த கிரீஸை வெட்டுத்துணியில் துடைத்தார், விரல் விரலாக.

துணிப்பையும் ஸ்க்ரூடிரைவரும் மட்டும் எடுத்துக்கொண்டார். பரணில் இருந்ததைக் காட்டினேன். கையை ஆட்டினார். "தேஞ்ச சரக்கு எதுக்கு?" என்றார். சாயங்கால பஸ்ஸுக்கு ஏற்றிவிட்டுத் திரும்பினால் ரூமுக்கு வேறு பூட்டுப் போட்டிருந்தார்கள். என் சாமான் வெளியே வாட்ச்மேன் ஸ்டூலுக்கு அருகில் இருந்தது. அதன் மேல் சி.டி.யையும் பிளேயரையும் ஹெட்போனையும் ஒழுங்காக வைத்திருந்தார் வாட்ச்மேன். "இதும் உன்ரதுதானே கண்ணு?" என்றார். ஆமாங்க என்றேன். எந்த ரூமுக்காகச் சொன்னேனோ அது ஒன்றரை வருடம்தான் நின்றது. அன்று டெம்போவில் படுத்தேன்.

அவரைப் பார்க்க ஐந்தாறு வருடம் கழித்துப் போனேன். ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன், எனக்கு எழுத்து கோணல்: 'அண்ணாச்சி, அன்னைக்கு எனக்கு மூச்சு கேட்டது.' அவ்வளவுதான் எழுத வந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். தங்கை வீட்டின் முன்பக்கம் தையல் மெஷின் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். பல்லில் ஸ்க்ரூடிரைவர். என்னைக் கண்டதும் சிரித்தார். ஆள் மெலிந்திருந்தார். தங்கை காபி கொண்டுவந்தார். சுவரில் தந்திகள் தளர்ந்த வயலின் தொங்கியது. "வந்த புதுசுல கோயிலுக்கு எடுத்துட்டுப் போனாவ. சுருதி சேரவே இல்ல, இவியளுக்குத் தெரியவும் இல்ல. ரெண்டு ஞாயித்துக்கெழம பாத்துட்டு பாஸ்டர் வந்து, உக்காந்து ஜெபம் மட்டும் பண்ணச் சொல்லுங்கன்னுட்டாவ" என்றார் தங்கை. அவர் பக்கத்திலேயேதான் இதைச் சொன்னார். அவருக்குக் கேட்காது.

பையிலிருந்து பிளேயரை எடுத்து வைத்தேன். அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். எலாஸ்டிக் முடிச்சைத் தானே அவிழ்த்தார், சி.டி.யைப் போட்டார், ஹெட்போனை எடுத்து என் தலையில் மாட்டினார். இரண்டாவது பகுதிக்கு நகர்த்தி ஓடவிட்டு, முன்பு போலவே எதிரே குத்தவைத்து என் முகத்தைப் பார்த்தார். ஒரு கை முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு சத்தமும் இல்லை, ஆனால் ஊதுகருவிகள் எங்கே இருக்கின்றன என்று அந்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது. சரியாக அந்த இடத்தில் விரல் உயர்ந்து நின்றது.

"வந்துச்சா?"

வந்தது. நான் தலையசைத்தேன்.

"தேயல" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. பிளேயரை நிறுத்தினார். "கடக்காரன் தேயாதுன்னுதான சொன்னான். நீரு தேஞ்சிட்டுன்னு சொன்னீரு. எனக்கும் அது நல்லாத்தான் இருந்துச்சு." பிறகு என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி, சி.டி.யைப் பெட்டியில் போட்டு, அதே முடிச்சைத் திரும்பப் போட்டார். என் மடியில் வைத்தார்.

"எனக்கு எதுக்கு? வச்சிக்கிடும். உமக்குத்தான் நல்லா கேக்குல்லா."

சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு தையல் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கிளம்பும்போது திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிட முடியாது. காகிதம் சட்டைப்பையிலேயே இருந்தது.

இப்போது பொங்கலூர்ப் பக்கம் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். தென்னந்தோப்புக் கிணற்றில் லாரி நிறைய முக்கால் மணி நேரம் ஆகும். மோட்டார் தள்ளி ஓடுகிறது, தோப்பில் சத்தம் இல்லை. சில நாள் முடிச்சை அவிழ்த்து, செல் போட்டு, வெள்ளையும் புளூவுமான அந்த ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். ஊதுகருவிகள் நிதானமாகப் போகும், இரண்டு நிமிடத்துக்கும் கொஞ்சம் அதிகமாக. பிறகு அந்த மனிதர் மூச்சை இழுப்பார். இன்றைக்கும் அப்படியே, ஒரு துளி குறையாமல் கேட்கிறது. வயலின் தொடங்குமுன் நிறுத்திவிடுவேன்.